இரண்டு ஹெல்மெட்டுக்கும் ஒரே லைன்

மார்ச் 4

சிட்டுவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், சிரிக்காதே.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து கண்ணைத் திறந்தால் எதிரில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். "அவ எங்கேக்கா?" என்றேன். "துணி மாத்திட்டு வரேன்னு போனா" என்றாள். துணி மாற்றப் போனவள் ஊரையே மாற்றிக்கொண்டு போய்விட்டாய். உன் தங்கச்சி வீட்டில் இருக்கிறாய் என்று அக்கா விசாரித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எத்தனை முறை போன் செய்தாலும் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன் கோபம் எனக்குப் புரிகிறது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகப் பைக்கில் உட்காரவைத்து, டென்ட்டைக் கட்டிக்கொண்டு, நாலு ஊர் தாண்டி உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அது இப்படி முடிந்துவிட்டது. மேப் நின்றுபோனதும் நான் வண்டியை ஓரங்கட்டி யாரையாவது கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு மூட்டை முடிச்சோடு அந்த மண் ரோட்டில் இறங்கியது என் முட்டாள்தனம். ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

எனக்குச் சட்டைப் பட்டன் போட முடியவில்லை. அக்கா போட்டுவிடுகிறாள். நாற்பது வயதில் அக்கா கையால் பட்டன் போட்டுக்கொள்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

பல் டாக்டருக்கு,

தெரு முழுக்க உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவர், டாக்டர் இல்லை என்று யாருக்கும் நீங்கள் திருத்திச் சொன்னதாக ஞாபகமில்லை.

போன் செய்யாதீர்கள். வேலை நேரம் முழுவதும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஆம்புலன்ஸ் கேட்கிறவர்களின் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். லீவிலாவது யார் குரலும் வேண்டாம் என்றிருக்கிறது. உங்கள் குரல் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். எழுதினால் படிக்கிறேன்.

கை எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். மழுப்பாமல் எழுதுங்கள். பட்டன் கதையெல்லாம் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தப் பயணத்தில் உங்களுக்கு எது பிடித்தது? விழுந்ததை விடுங்கள், அதற்கு முன்னால். யோசித்து, ஆற அமர எழுதுங்கள். இங்கே தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போன பிறகு பொழுதே போவதில்லை, எனக்குப் படிக்க ஏதாவது வேண்டும்.

உங்கள் மனைவி


மார்ச் 17

சிட்டுவுக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குத் தெரியாமல் பாத்ரூமில் உட்கார்ந்து படித்தேன். பத்து வரி எழுதினால் இடது மணிக்கட்டு கடுக்கிறது, அதனால் இதை நாலைந்து நாளாக விட்டு விட்டு எழுதுகிறேன்.

முதலில் கை. டாக்டர் வரும்போதெல்லாம் ஊசியால் குத்திப் பார்க்கிறார். சுண்டு விரலும் மோதிர விரலும் வலிக்கின்றன. மற்ற மூன்றில் குத்தினால் பக்கத்து வீட்டுக்காரனைக் குத்துகிற மாதிரி இருக்கிறது. "வண்டிக்கடியில கொஞ்சம் கம்மி நேரம் கிடந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம், சூடு வேற பட்டிருக்கு" என்றார். உன்னைச் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. நீ மேடேறிப் போய்த்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. நீ என்ன செய்வாய்.

கட்டை விரலில் உணர்வு இல்லாமல் மெழுகில் பல் செதுக்க முடியாது, உனக்கே தெரியும். முதலாளி பார்க்க வந்தார். "நிதானமா வாங்க, உங்க சீட்டு அப்படியேதான் இருக்கு" என்றார். போகும்போது வாசலில் நின்று, என் மெழுகுக் கத்திகளை எந்த டிராயரில் வைத்திருக்கிறேன் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அக்கா பாசமாகத்தான் இருக்கிறாள். ஆனால் ஒரு வாயை நான் விழுங்குவதற்குள் அடுத்த வாயைத் திணித்துவிடுகிறாள். உன் சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டாள். டீத்தூள் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்குப் பிடிக்காதது எது என்று கேட்டிருந்தால் சுலபமாகப் பதில் சொல்லியிருப்பேன். மொட்டை மாடியில் டென்ட்டைக் கட்டிப் பழகினோமே, அதுவே எனக்குப் பிடித்தது. நான் உள்ளே மாட்டிக்கொண்டு ஜிப்பைத் தேட, நீ வெளியே நின்றுகொண்டு திறந்துவிடாமல் வேடிக்கை பார்த்தாய். கிளம்பின அன்று ஏரிக்கரையில் ஆணி மண்ணில் இறங்காமல் உன் ஷூவைக் கழற்றி அடித்தேன். ஷூ பிய்ந்துபோனதும் நீ திட்டுவாய் என்று பார்த்தேன், பேசாமல் மற்ற ஷூவையும் எடுத்து நீட்டினாய். அடுப்பு காற்றில் அணைந்து அணைந்து, பாதி வெந்த நூடுல்ஸை ஆளுக்கு ஒரு ஸ்பூனோடு ஒரே பாத்திரத்தில் தின்றோம். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

எல்லாவற்றையும்விட அந்த முதல் ராத்திரிதான். டென்ட்டுக்குள் படுத்துக்கொண்டு, உனக்கு வந்த அந்தப் போனைப் பற்றிச் சொன்னாயே. உன் வேலையைப் பற்றி நீ என்னிடம் வாய் திறந்ததே அன்றைக்குத்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நீ கவனித்திருப்பாய். பேசினால் அழுதுவிடுவேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். என் வலது கை உன் தலைக்கடியில் இருந்தது. மரத்துப்போன பிறகும் அதை நான் எடுக்கவில்லை. இவளை எந்தக் காலத்திலும் விடக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இதைவிட என்ன எழுதுவது? வந்துவிடு சிட்டு. பஸ் ஏறுகிற அன்று மட்டும் ஒரு போன் செய், நான் வந்து நிற்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 22

பல் டாக்டருக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அழுதாள். "இப்படிப்பட்ட மனுஷன விட்டுட்டு வந்து இங்க உக்காந்திருக்கியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். இடது கைக்கு இவ்வளவு பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது என் முறை. எனக்குப் பிடித்தது இரண்டாம் நாள் காலை.

நமக்கு இரண்டு ஹெல்மெட்டிலும் மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கிப் பொருத்தினீர்கள். வண்டி ஓட்டும்போது நான் பின்னாலிருந்து மேப் பார்த்து வழி சொல்ல வசதியாக இருக்கும் என்றீர்கள். உங்கள் போனையும் அதிலேயே இணைத்தீர்கள். உங்களுக்கு யாராவது போன் செய்தால் என் ஹெல்மெட் தானாக அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அடங்கவில்லை. போன் வந்தாலும் இரண்டு ஹெல்மெட்டுக்கும் ஒரே லைன்தான். ஏரிக்கரையிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் உங்கள் அக்கா கூப்பிட்டார். இரண்டு பேர் பேசியதையும் நான் முழுதாகக் கேட்டேன்.

"என்னடா, ஜாலியா இருக்கியா?" என்றார்.

"ஜாலியா? ராத்திரி பூரா பொணக் கதைக்கா. யாரோ ஒருத்தி புருஷனுக்கு நெஞ்சு வலின்னு போன் பண்ணாளாம். பள்ளத்துல லைன் கட்டாயிடுச்சாம். அவ மேடேறி ஓடி மறுபடியும் பேசறதுக்குள்ள அந்தாளு போயிட்டானாம். அதுக்கு இவ இப்ப அழறா. டென்ட்டுல குளிரு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். தூங்கற மாதிரி நடிச்சேன்" என்றீர்கள்.

"பாவம்டா நீ. இன்னும் ரெண்டு நாள் பல்லக் கடிச்சுக்கோ."

"வீட்டுக்குப் போனதும் சொல்லிடறேன்கா. இனிமே நீ உன் தங்கச்சி வீட்டுலயே இருந்துக்கோன்னு. நல்லபடியா கூட்டிட்டுப் போய் ஒரு தடவை காட்டிட்டா, நாளைக்கு அவளும் குறை சொல்ல முடியாது பாரு."

"வெட்டப் போற ஆட்டுக்குத் தழை காட்டற மாதிரி" என்று உங்கள் அக்கா சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு என் வேலைக் குரலில் பேசிக் காட்டினீர்கள். "பதட்டப்படாதீங்க, எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, மூச்சு இருக்கா பாருங்க." அச்சு அசலாக என் குரல்தான். உங்கள் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

நான் உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இதையெல்லாம் கேட்டேன். கையை எடுக்கவில்லை. அடுத்த டீக்கடையில் நிறுத்தி "டீ குடிக்கிறியா சிட்டு?" என்றீர்கள். "சர்க்கரை கம்மியா" என்றேன். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான், எதைக் கேட்டாலும் குரல் மாறக் கூடாது.

நான் வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை, ஊமைக்கோட்டான் என்று ஊரெல்லாம் சொல்வீர்கள். ஒரே ஒரு ராத்திரி பேசினேன். விடிந்ததும் அதைக் கடை பரப்பிவிட்டீர்கள். ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறீர்கள், உங்கள் வாயைக் கட்ட உங்களுக்குத் தெரியவில்லை.

இனிமேல் தங்கச்சி வீட்டிலேயே இரு என்று சொல்வதாக இருந்தீர்களே. இருக்கிறேன்.

உங்கள் மனைவி


மார்ச் 30

சிட்டுவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

முதல் தடவை, அக்காவைச் சமாதானப்படுத்த அப்படிப் பேசினேன் என்று எழுதினேன். இரண்டாம் தடவை, ஆம்பளைகள் வாய்க்கு வந்ததைப் பேசுவதுதான், மனசில் ஒன்றுமில்லை என்று எழுதினேன். இரண்டையும் நீ நம்ப மாட்டாய். பேசினேன். சிரித்தேன். உன்னை அனுப்பிவிடத்தான் நினைத்தேன். ஒன்பது வருஷமாக ஒரு சுவரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வேறு என்ன தோன்றும்? சாப்பிட்டாயா என்றால் ம். தூங்கினாயா என்றால் ம். எவனோ முகம் தெரியாதவன் போன் செய்தால் அவனுக்குத் தேன் ஒழுகப் பேசுகிறாய். எனக்கு நெஞ்சு வலி வந்தால்தான் என்னோடு பேசுவாய் போலிருக்கிறது என்று லேபில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒட்டுக் கேட்டுவிட்டு நாள் முழுக்க என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவள், என்னைப் பொய்யன் என்கிறாய்.

போகட்டும். மூன்றாம் தடவை எழுதியதை ஏன் கிழித்தேன் தெரியுமா? எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் ஆபீஸிலிருந்து ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். உனக்குப் பக்கத்து சீட்டு, தடிக் கண்ணாடி போட்டவள். அன்றைக்கு உன் போனை எடுத்ததே அவள்தானாம். உன்னை ஒரே புகழ்ச்சி.

"சார், கட்டின புருஷன் வண்டிக்கடியில கிடக்கறாரு, ஆனா அவ குரல் ஆடவேயில்ல. மலை ரோட்டுல பழைய செக்போஸ்ட் தாண்டி மூணாவது வளைவு, இடது பக்கம் இறங்கற மண் ரோடு, மூடிக் கிடக்கற கல் குவாரிக்கு முந்தின பள்ளம். பாடம் மாதிரி ஒப்பிச்சா. நான் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேக்கல."

அவள் போனதும் எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

அந்த வளைவில் நான் தலையைத் திருப்பி உன்னிடம் கேட்டேன், எந்தப் பக்கம் என்று. "இடது பக்கம் இறங்குங்க" என்றாய். கொஞ்ச தூரம் இறங்கியதும் இது சரியான ரோடுதானா என்றேன். "மேப் நின்னுடுச்சு, எனக்கும் தெரியல, போங்க" என்றாய். தெரியாத இடத்தை எப்படி அவ்வளவு சுத்தமாகச் சொன்னாய் சிட்டு?

பதில் எழுது. இதற்கு மட்டும் ம் போடாதே.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 4

பல் டாக்டருக்கு,

ஆமாம், எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போனேன்.

மேப் நிற்கவில்லை. அது நேராகப் போகச் சொன்னது, நான் இடது பக்கம் சொன்னேன். உங்களை விழவைக்க அல்ல. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதே வண்டியில் பின்னால் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடையிலிருந்து கிளம்பியதும் உங்கள் அக்கா மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை, நான் போன பிறகு வீட்டில் எதை எங்கே வைப்பது என்று பேசினீர்கள். என் அலமாரியை அவருடைய பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் அவரே இன்னொரு போன். எனக்கு அந்தக் குரல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கழற்றினால் நான் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரிந்துவிடும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் செக்போஸ்ட் வந்தது. அந்த மலையில் எந்த எந்த இடத்தில் போன் அறுந்துபோகும் என்று எங்கள் அறையில் எல்லோருக்கும் மனப்பாடம். பாதிப் பேச்சில் குரல் நின்றுபோனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். குவாரிப் பள்ளத்தில் ஒரு கோடுகூடச் சிக்னல் வராது. டென்ட்டில் நான் சொன்ன அந்தப் பெண் போன் செய்ததும் அங்கிருந்துதான். அவள் லைன் அறுந்த அதே பள்ளம். நான் சொன்ன கதையை உங்கள் அக்காவுக்கு ஒப்பித்தீர்களே, அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றும் எனக்குத் தோன்றியது. ஆங்காரம்தான். இல்லையென்று சொல்லவில்லை.

பள்ளத்தில் இறங்கியதும் உங்கள் அக்கா குரல் பாதி வார்த்தையில் நின்றது. "ஹலோ, ஹலோ" என்றீர்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கியது. நீங்கள் வலது பக்கம், வண்டி உங்கள் மேல். என்னைப் புல்லில் தூக்கிப் போட்டது. எழுந்து பார்த்தால் உங்கள் கை சைலன்ஸருக்கும் பாறைக்கும் நடுவில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை, அது நிஜம். போன் எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை என்று தெரிந்துகொண்டே எடுத்துப் பார்த்தேன்.

வழி தெரியாமல் தவிக்கிறவனிடம் ஆம்புலன்ஸைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் என் வேலை. அந்த வேலையை நான் ஒரே ஒரு முறை மாற்றிச் செய்தேன், அது உங்களுக்கு. இதை ஆபீஸில் சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேண்டுமானால் சொல்லுங்கள். தடிக் கண்ணாடிக்காரியிடமே சொல்லுங்கள், நல்லவள், நம்ப மாட்டாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

உங்கள் மனைவி


ஏப்ரல் 20

சிட்டுவுக்கு,

உன் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. மறுபடியும் சேர்த்துவிட்டார்கள். கட்டை விரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன. எடுத்துவிட்டார்கள். நடு விரல் இருக்கிறது, ஆனால் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேபில் என் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். என் கத்திகளோடுதான் உட்கார்ந்திருக்கிறான்.

நேற்று வீட்டுக்கு வந்தேன். அக்காவை ஊருக்கு அனுப்பிவிட்டேன். "உன்னாலதான்கா எல்லாம்" என்றேன். அவள் பாவம், என்ன என்றே புரியாமல் அழுதுகொண்டு போனாள். வழி மாறியது நான் செய்த தப்பு என்றே அவளிடமும் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் ஆபீஸுக்கு ஒன்றும் போகாது. உன்மேல் கருணை என்று நினைக்காதே. நீ செய்ததைச் சொன்னால் ஏன் செய்தாள் என்று கேட்பார்கள், அப்போது நான் பேசியதையும் சொல்ல வேண்டிவரும்.

வீட்டில் சத்தமே இல்லை. டீ போட்டேன். பாலைக் கொட்டிவிட்டேன். துடைக்கவில்லை, அப்படியே கிடக்கிறது. எனக்கு நீ வேண்டும். வேலைக்காரியாக அல்ல. உன்மேல் எனக்குக் கொலைவெறி வருகிறது, அதோடு நீ வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ ஹெல்மெட்டைக் கழற்றாமல்தான் மேடேறினாய். வண்டிக்கடியில் கிடந்தபடியே உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன அந்தப் பெண் ஓடினாள். நீ நடந்தாய். ஹெல்மெட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் பேச போன் சிக்னல் வேண்டாமே, நான் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தேன். என்னவெல்லாமோ பேசினேன். உன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விழுந்த அடியில் உன் ஸ்பீக்கர் உடைந்துவிட்டது, அவளுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே கிடந்த நேரமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன். நான் பேசியதை நீ கேட்டிருந்தால் என்னை அப்படி விட்டுவிட்டு நடந்திருக்க மாட்டாய். அது எனக்குத் தெரியும்.

ஸ்பீக்கர் உடைந்துவிட்டது என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம். நீ வழி மாற்றியதை நான் விட்டுவிடுகிறேன், நான் அக்காவிடம் பேசியதை நீ விட்டுவிடு. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வா. மிச்சமிருக்கிற விரல்களை வைத்துக்கொண்டு எப்படியோ பிழைத்துக்கொள்வோம்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 26

பல் டாக்டருக்கு,

ஸ்பீக்கர் உடைந்துவிட்டது என்று எழுதி, கவரை ஒட்டி, தபாலில் போடச் சொல்லித் தங்கச்சியிடம் கொடுத்தேன். துணிகளையும் பையில் எடுத்து வைத்தேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு, திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டேன்.

எனக்கு வர ஆசையில்லை என்று நினைக்க வேண்டாம். கொட்டிய பால் அப்படியே கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது. இந்த வீட்டில் எனக்குத் தனிக் கட்டில்கூட இல்லை. உங்கள் விரல்களை நினைத்துத் தினமும் அழுகிறேன். ஆனால் அந்த ஒரு வரியோடு வந்தால், நீங்கள் ஒவ்வொரு முறை என்னை நன்றியோடு பார்க்கும்போதும் நான் உங்களை ஏமாற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் ஒன்பது வருஷம் என்னிடம் அப்படி இருந்தீர்கள். என்னால் ஒன்பது நாள்கூட முடியாது.

ஸ்பீக்கர் உடையவில்லை. எல்லாம் கேட்டது.

முதலில் "சிட்டு, கேக்குதா?" என்றீர்கள். கை எரிகிறது என்றீர்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் "ஏதாவது பேசு, பயமா இருக்கு" என்றீர்கள். பயந்துபோய்ப் போன் செய்கிறவர்களிடம் நாங்கள் பேசிக்கொண்டே இருப்போம். வண்டி வந்துகொண்டிருக்கிறது, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்போம். முகம் தெரியாதவனுக்குத் தேன் ஒழுகப் பேசுகிறேன் என்று எழுதினீர்களே, அதுதான். உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு நீங்களாகவே ஆரம்பித்தீர்கள். "உன்ன அனுப்பிடலாம்னு இருந்தேன் சிட்டு. அக்காகிட்ட உன்னப் பத்திக் கேவலமாப் பேசினேன். நீ அழுதத சொல்லிச் சிரிச்சேன். எனக்கு உன்கிட்டப் பேசத் தெரியல, அதான், வேற ஒண்ணுமில்ல. அன்னிக்கி ராத்திரி நீ பேசினப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அதனால தூங்கற மாதிரி கிடந்தேன். என்ன விட்டுட்டுப் போகாத." இதையெல்லாம் யாரும் கேட்காமல் நீங்களே சொன்னீர்கள்.

எனக்குக் கால் ஓடவில்லை. இப்படி ஒரு பேச்சை நீங்கள் என்னிடம் பேசி நான் கேட்டதே இல்லை. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். இறங்கினால் ஹெல்மெட்டில் உங்கள் குரல் அறுந்துவிடும். இரண்டும் எனக்குத் தெரியும்.

அதனால் மெதுவாக நடந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பாதையோரம் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். நீங்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து, அழுது ஓய்ந்த பிறகுதான் எழுந்து போய்ப் போன் செய்தேன்.